ஜிப்சம் போட்டால் தீருமா?

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் ஏரிப் பாசன நிலங்கள் உப்பேறுவது பற்றிய கட்டுரை, ஜிப்சம் (கால்சியம் சல்பேட் தாது) இடுங்கள் என்று சொல்லி முடிந்துவிடுகிறது. அது களர் நிலத்துக்கான மருந்து. கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டி, சோடியம் மண்ணை இறுக்கிவிட்ட இடத்தில் பலன் தரும். கரையும் உப்பு மிகுந்த உவர் நிலமென்றால் நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்ற வேண்டும். வடிகால் எங்கே இருக்கிறது? வாய்க்கால்கள் பல மனைகளாகிவிட்டன.

அங்கே கடல்நீர் நிலத்தடியில் புகுந்ததற்கு முக்கியக் காரணம், சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் அளவின்றி உறிஞ்சியது (நகரவாசியான நான் குடித்ததும் அதைத்தான்). அந்த உப்பு நீரையே வயலுக்கு இறைத்துக்கொண்டு எத்தனை மூட்டை ஜிப்சம் கொட்டி என்ன பயன்? பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவது, திருச்சி 1 போன்ற உப்பைத் தாங்கும் நெல் பற்றியாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.