நூறு வருஷம் நின்ற சுவர்

மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் பழைய வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே சிலாப் போட்டு மாடி எடுக்கப் போகிறவர்களிடம் சுவர் தாங்குமா என்று கேட்டால், "வெள்ளைக்காரன் கட்டினது, நூறு வருஷமா நிக்குது, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் கருங்கல் சுவர் இத்தனை காலமும் சுமந்தது தகரக் கூரையைத்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றுக்குத் தகரம், மரச்சட்டம் எல்லாம் சேர்த்தாலும் சில நூறு கிலோ. அதே காம்பராவுக்கு மேல் 5 அங்குலத்தில் கொங்கிரீட் சிலாப் போட்டால் அதன் எடை மட்டுமே 3 தொன்னுக்கு மேல். அப்புறம் மாடிச் சுவர், ஆட்கள், தண்ணீர்த் தாங்கி. பல லயங்களில் கல்லுக்கு நடுவே இருப்பது வெறும் மண் சாந்து. அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று யார் தோண்டிப் பார்த்தார்கள்? ஒரு நாளும் சுமக்காத பாரத்துக்கு அந்த நூறு வருஷம் சாட்சி சொல்லாது.

அதற்காக, இன்றைய விதிகளை வைத்து லயத்தை வரிக்கு வரி அளந்து, "தேறவில்லை, இடி" என்பதையும் ஏற்க மாட்டேன். அப்படி அளந்தால் ஹட்டன், பண்டாரவளை டவுனில் இருக்கும் பழைய கடைகளும் தேறாது. இடித்தால் சனம் எங்கே போகும்? அமெரிக்காவில் பழைய கட்டடங்களுக்கென்றே தனி விதித்தொகுப்பு இருக்கிறது. புதிய வேலையால் ஒரு சுவரின் சுமை 5 சதவீதத்துக்கு மேல் கூடினால், அந்தச் சுவர் புதிய கட்டடத்துக்கான அளவுக்குத் தாங்க வேண்டும். கை வைக்காத பழைய சுவரை அது சும்மா விட்டுவிடும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. லயத்து மாடியிலோ சுமை பல மடங்கு கூடுகிறது.

நம் பக்கத்தில் சுவரை மட்டும் பார்த்தாலும் போதாது. குசினிக்கு இடம் வேண்டும் என்று பின்மேட்டை நேராக வெட்டுகிறோம், கானை மூடுகிறோம். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. மலையே இறங்கும்போது சுவரின் பலம் எதற்கு உதவும்? மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் புது வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கிறார்கள். பழைய லயத்தின் பின்னால் குசினி நீட்டும்போதும் அதே மலைதான் மேலே நிற்கிறது.

2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபைகளுக்குத் தோட்டத்துக்குள் வேலை செய்ய வழி இருக்கிறது. சுமை கூட்டுகிற, மேடு வெட்டுகிற வேலை என்றால் சபை ஒரு பொறியியலாளரை அனுப்பட்டும். அத்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டிப் பார்க்கட்டும், மேட்டையும் கானையும் பார்க்கட்டும். அந்தச் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. அவர் கம்பி, சீமெந்து வாங்கும் முன்னமே வரவேண்டும். கடன் எடுத்துக் கட்டுகிற சனம் இது.