போனில் டாக்டர் சரி, பக்கத்தில் யார்?

கொரோனா காலத்தில் போன் வழி வைத்தியம் கிராமங்களைக் காப்பாற்றியது என்று யாராவது மேடையேறிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பொய் என்பதால் இல்லை, பாதிக் கதை என்பதால். காரைக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருப்பவன் நான். மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான் தொலைமருத்துவ நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அதுவரை போனில் மருந்து சொல்லலாமா கூடாதா என்பதே குழப்பம். ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில்தான் விழும் என்று பயந்து கிடந்தோம். பாராசிட்டமால், ஓஆர்எஸ் மாதிரியானவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம், ஏற்கனவே பார்த்த நோயாளிக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத் தொடரலாம், போதைப் பட்டியலில் வரும் மருந்துகள் கூடவே கூடாது என்று எல்லாம் தெளிவானது. ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் வீடியோவில் பேசும் அரசு சேவையான இ-சஞ்சீவனி ஓபிடியும் வந்தது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

செட்டிநாட்டு வீடுகளில் நடந்தது வேறு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அத்தனை பெரிய வீட்டில் வயதானவர் ஒருவரோ இருவரோ. வளவுக்குள், அதாவது உள்முற்றத்துப் பக்கம், சிக்னல் எடுக்காது. முகப்புக்கு வந்து பேசினால் தெருவே கேட்கும். சர்க்கரையைப் பற்றித் தாராளமாகப் பேசுவார்கள், சிறுநீர் கசிவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். என்ன மாத்திரை என்று கேட்டால், "அந்த வெள்ளைச் சின்னது தம்பி." ஆக்சிமீட்டரில் இதயத்துடிப்புக்கான எண்ணை ஆக்சிஜன் என்று படித்துவிட்டு, 78தான் காட்டுது என்று நள்ளிரவில் அழைத்தவர்களும் உண்டு. (ஃபீஸ் கேட்டால் "போன்ல பேசுனதுக்கா?" என்பது தனிக் கதை.)

கண்டனூர்ப் பக்கம் ஓர் ஆச்சி. "கொஞ்சம் மூச்சு வாங்குது தம்பி, வெயில்தான்" என்றார். வீடியோவில் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பின்கட்டில் குடியிருக்கும் பெண் பக்கத்தில் நின்றார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, பத்து எண்ணி எடும்மா என்றேன். எடுத்துவிட்டு போனைக் காலருகே கொண்டுபோனார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. காலில் நீர் கோத்திருந்தது. ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று கேட்டதற்கு ஆச்சி "நல்லாத்தான்" என்றார். அந்தப் பெண்ணோ, "இல்ல சார், நாலு நாளா உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாங்க" என்றார். இதயம் திணறுகிறது, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்ல எனக்கு அது போதும்.

இதில் நான் செய்தது கேள்வி கேட்டது மட்டும்தான். பார்த்ததும் தொட்டதும் உண்மையைப் போட்டு உடைத்ததும் அந்தப் பெண். ஆனால் அன்றைய கணக்கில் அது "டாக்டர் பார்த்த கேஸ்".

அரசுக்கு இது தெரியாதது அல்ல. சுகாதாரப் பணியாளர் நோயாளியோடு இருந்து டாக்டரிடம் பேசும் முறைக்கு நெறிமுறையிலேயே தனி இடம் இருக்கிறது. இ-சஞ்சீவனியே 2019 நவம்பரில் அரசு நலவாழ்வு மையங்களிலிருந்து பணியாளர்கள் டாக்டரை அழைக்கும் ஏற்பாடாகத்தான் தொடங்கியது. ஆனால் பெருந்தொற்று வந்ததும் பேச்செல்லாம் செயலியைப் பற்றியே ஆகிவிட்டது. கிராம சுகாதாரச் செவிலியர்களோ காய்ச்சல் கணக்கெடுக்கவும், தனிமைப்படுத்திய வீடுகளைப் பார்க்கவும் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். வீடியோவுக்குப் பக்கத்தில் உட்கார அவர்களுக்கு ஏது நேரம்?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆச்சிகளுக்கு அவர்களைத் தெரியும், உள்ளே விடுவார்கள். காலை அமுக்கிப் பார்ப்பதையும் மூச்சை எண்ணுவதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, சந்தேகம் வந்தால் அங்கிருந்தே டாக்டரை வீடியோவில் அழைக்கச் சொல்லலாம். அந்த ஒவ்வொரு அழைப்புக்கும் டாக்டருக்கு ஒரு தொகை எழுதுகிற ஆபீஸ், அவர்கள் பெயருக்கு நேரேயும் ஒரு தொகை எழுதட்டும். புதுச் செயலிக்கு டெண்டர் விடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.