சிவப்பணு உறை போர்த்திய மருந்து: கீமோவுக்கு மாற்று வந்துவிட்டதா?

“ரத்தச் சிவப்பணுவின் உறையைப் போர்த்திய மருந்து வந்துவிட்டது, நேராகப் புற்றுக்கட்டிக்கே போகும், இனி கீமோ வேண்டாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. தயவுசெய்து இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். 2011இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியாங்ஃபாங் சாங் குழு இதைச் செய்துகாட்டியது. உப்புக் குறைந்த கரைசலில் விட்டால் சிவப்பணு உப்பி வெடிக்கும். ஹீமோகுளோபின் வெளியேறி வெறும் உறை மிஞ்சும். அதை நுண்துளைகள் வழியாக அழுத்தி, மருந்தைச் சுமக்கக்கூடிய சுமார் 70 நானோமீட்டர் பாலிமர் துகள்மேல் போர்த்தினார்கள். உறையிலுள்ள சிடி47 புரதம் விழுங்கணுக்களிடம் (அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்பு அணுக்கள்) ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும். அதனால் துகள்கள் 3 நாள் வரை ரத்தத்தில் சுற்றின. ஆனால் அது எலியின் ரத்தம்.

சரி, நீண்ட நேரம் சுற்றுவது வேறு, கட்டியைத் தேடிப்போவது வேறு. கணிசமான பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிவிடும். அப்புறம், இத்துகள்களுக்குள் வைத்துச் சோதிக்கப்பட்ட டாக்சோரூபிசினே கீமோ மருந்துதான்.

உடலின் சொந்தப் பொருளையே மருந்து சுமக்கும் ஊர்தியாக்கி நடைமுறைக்கு வந்தது ஒன்று உண்டு: ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தோடு பிணைத்த பக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்து. அமெரிக்காவில் 2005இல் அனுமதி பெற்றது. அதையும் கீமோவாகத்தான் ஏற்றுகிறார்கள்.