எந்தத் தண்ணீரில் குளிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை

"வீட்ல நீங்க சரியா மெயின்டெய்ன் பண்ணியிருக்க மாட்டீங்க மேடம்" என்று, என் முடியின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு பார்லரில் அந்தப் பெண் சொன்ன சொல் சில மாதங்களாக என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார்கள். 4,800 ரூபாயை வாங்கிக்கொண்டு தலைக்குச் சாயம் பூசி அனுப்பிவிட்டு, இருபதே நாளில் அது வெளுத்துப்போனால் பழியை வந்தவள் தலையிலேயே கட்டுகிறார்களே, அந்த வழக்கத்தின் மீதுதான் என் கோபம் முழுவதும்.

எனக்கு 41 வயதாகிறது. முப்பத்தைந்திலேயே வகிட்டில் நரை விழுந்துவிட்டது. பல ஆண்டுகள் கறுப்பு மைப் பொட்டலத்தை வாங்கிப் பூசிக் காலம் தள்ளினேன். கடைசித் தம்பிக்குக் கல்யாணம் கூடியபோதுதான், எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளாக இணைச்சீர் என்கிற சடங்குக்கு நான் உட்கார வேண்டும், ஊர்க் கண்ணெல்லாம் என் மீது இருக்கும் என்பதால், ஒரு நல்ல பார்லருக்குப் போய் முறையாகச் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். பர்கண்டி என்கிற கருஞ்சிவப்பு நிறம் எனக்கு எடுப்பாக இருக்கும் என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். "மூணு வாரம் முன்னாடியே போட்டுட்டா கலர் செட் ஆகி நேச்சுரலாத் தெரியும்" என்று நாளையும் அவர்களே குறித்தார்கள். கல்யாணத்தன்று எடுத்த படங்களில் என் தலை எப்படி இருக்கிறது என்றால், வகிட்டை ஒட்டி முக்கால் சென்டிமீட்டருக்கு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே துரு ஏறிய தகரத்தைப் போல ஒரு செம்பட்டை, நுனியில் மட்டும் பழைய மையின் கறுப்பு. கூறைப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, தம்பியின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் சொன்னதில் எதையும் நான் மீறவில்லை. மூன்று நாள் தலைக்கு ஊற்றவில்லை. அவர்கள் கடையிலேயே 950 ரூபாய் கொடுத்து சல்பேட் இல்லாத ஷாம்பு வாங்கினேன். வெந்நீரை விட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீருக்கு மாறினேன், வாரத்துக்கு இரண்டே முறை அலசினேன், ஸ்கூட்டரில் போகும்போது ஆடிக்காற்றும் வெயிலும் படாமல் பருத்தித் துணியைச் சுற்றி அதன் மேல் ஹெல்மெட் போட்டேன். எண்ணெய் வைக்கவே கூடாது என்றார்கள். பிறந்ததிலிருந்து வைத்து வந்த தேங்காய் எண்ணெயையும் நிறுத்தினேன்.

முதல் முறை தலைக்கு ஊற்றிய காலை இன்னும் கண்முன் நிற்கிறது. முதல் சொம்பு ஊற்றியதும் வெள்ளை டைல்ஸ் மீது செந்நீர் வழிந்தது. அது இயல்புதான், அதிகப்படிச் சாயம் கழிகிறது என்று நினைத்தேன். ஷாம்பு நுரைக்கவே இல்லை. சோற்றுக் கஞ்சியைத் தேய்த்ததுபோல முடியில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி ஊற்றினேன், மறுபடி தேய்த்தேன். ஐந்தாவது சொம்பிலும் சிவப்பு நிற்கவில்லை. துவட்டிய துண்டு இளஞ்சிவப்பானது. காய்ந்த பிறகு விரலை விட்டால் முடி நார் நாராக விரலைப் பிடித்தது. நான்காவது குளியலுக்குள் பர்கண்டி என்று சொல்லத் தலையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் திருப்பூரில், பனியன் கம்பெனி ஒன்றில், பத்தொன்பது ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவள். சாயம் ஏன் நிற்கிறது, ஏன் இறங்குகிறது என்பதைப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். சாயத் துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து, சோப்புநீரில் குலுக்கி, வெள்ளையில் எவ்வளவு கறை ஏறியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். 4 வராத துணி என் கையைத் தாண்டி வெளியே போகாது. பருத்தியில் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. தலைச்சாயத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காரப்பொருள் முடியின் மேல்செதில்களைத் திறந்துவிட, சிறிய மூலக்கூறுகள் உள்ளே போய், ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டு ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி, வந்த வழியே எளிதில் வெளியேற முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. சிக்கிக்கொண்டு இருப்பது வேறு, பிணைந்து இருப்பது வேறு. செதில் சொரசொரப்பாகித் திறந்தே கிடந்தால் ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும், அதிலும் சிவப்பு வகை நிறங்கள்தான் முதலில் போகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, மூன்று வாரம் கழித்துக் கல்யாணம் வைத்திருப்பவளுக்குச் சிவப்பை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஆனால் சிவப்பு என்ற காரணம் ஒன்றே இதற்குப் போதாது. கோயம்புத்தூரில் மென்மையான சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் இருக்கும் என் நங்கையாளும் (அண்ணி) அதே கல்யாணத்துக்காக, அதே வாரத்தில், அதே நிறத்தைத்தான் போட்டுக்கொண்டாள். அவளுடைய முடிக்கு ஆறு வாரம் கழித்தும் வெயிலில் நின்றால் சிவப்பு மினுங்கியது. இரண்டு தலைக்கும் சாயம் ஒன்று, ஷாம்பு ஒன்று. வேறாக இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

ஒரு லிட்டர் பாட்டிலில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குத் துணி சாயமிடும் பட்டறையின் ஆய்வகத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, நிறம் மாறிக் காட்டும் இன்டிகேட்டரை இட்டதும் அது திராட்சைச் சாறு போலச் சிவந்தது. மேலே இருந்த கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலமாக மாறும் சொட்டில் நிறுத்தி அளவைப் பார்க்க வேண்டும். மாறவே இல்லை. சொட்டிக்கொண்டே இருந்தது, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் நீலம் வந்தபோது, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவான கடினத்தன்மை லிட்டருக்கு 780 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்தார். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 200; வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவே 600தான். "அக்கா, இந்தத் தண்ணியில நாங்க கைக்குட்டைகூடச் சாயம் போட மாட்டோமுங்க" என்றார் அந்தத் தம்பி.

இந்த ஊரில் அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நொய்யல் ஆறு சாயமாக ஓடியதையும் ஒரத்துப்பாளையம் அணை பாழானதையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது கூலி இல்லாமல் உட்கார்ந்தவர்களும் நாங்கள்தான். கழிவு நீரைச் சுத்திகரித்து, ஆர்ஓவில் ஏற்றி, அதையே மீண்டும் சாயத்துக்கு எடுக்கும் நிலைக்கு இந்தத் தொழில் வந்திருக்கிறது. துணியைக் கையில் எடுக்கும் முன் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் கடின நீரில் சாயம் திட்டுத்திட்டாகப் படியும், ஷேடு மாறும், மொத்த லாட்டும் திரும்பி வரும். 200 ரூபாய் பனியனுக்குக் காட்டுகிற அந்தக் கவனத்தை, அதே ஊரில் ஒரு பெண்ணின் தலைக்குக் காட்ட ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

சாயமிட்ட முடிக்குக் கடின நீர் இன்னும் பெரிய பகை. பெராக்சைடு பட்ட முடி, சாயமிடாத முடியைக் காட்டிலும் அதிகமாகக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உப்பு படியப் படிய முடி சொரசொரத்து மங்குகிறது, சிக்கு விழுகிறது, நுரை வராததால் நாம் இரண்டு மடங்கு ஷாம்பு போட்டு இரண்டு மடங்கு தேய்க்கிறோம், அந்தத் தேய்ப்பிலேயே மிச்சச் சாயமும் கிளம்பிவிடுகிறது. பார்லரில் அலசிவிடும் தண்ணீர், மெஷின் வைத்து மென்மையாக்கிய தண்ணீர். அதனால்தான் அங்கே முடி பட்டுப்போல வழுக்குகிறது. வீட்டுக்கு வந்து முதல் சொம்பு உப்புத் தண்ணீரில் அது நாராகிவிட்டால், "மெயின்டெய்ன் பண்ணல" என்று சொல்ல அவர்களுக்கு வாய் எப்படி வருகிறது?

இதற்கிடையில் ஷவர் ஃபில்டர் என்று ஒன்றை என்னிடம் 2,200 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு மாதம் மாட்டிவைத்தும் குழாய் வாயில் படியும் வெள்ளைப் பொருக்கு ஒரு துளி குறையவில்லை. குழாயில் மாட்டும் இத்தகைய சிறு ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரினையும் மண்ணையும் பிடிக்கும். கடினத்தன்மையைப் போக்க, உப்புப் போட்டுப் புதுப்பிக்கிற பிசின் தொட்டியுள்ள சாஃப்ட்னர் வேண்டும். அதை விற்கிறவர்களும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) மீட்டரை முக்கி எண்ணைக் காட்டித்தான் பேசுகிறார்கள். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிற சாஃப்ட்னரில் டிடிஎஸ் ஏறக்குறைய மாறாமலே இருக்கும் என்பதால், அந்த எண்ணை வைத்து முடிக்கு நல்லதா கெட்டதா என்று ஒன்றுமே சொல்ல முடியாது. கடினத்தன்மையைச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

எண்ணெயை நிறுத்தச் சொன்னதும் எனக்கு ஆறவில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதைச் செய்வதில்லை என்றும் 2003-இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. காங்கேயத்துச் செக்கு எண்ணெயை வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் இரண்டு மாதம் இருந்தேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. சாயம் போட்ட அன்றே தலை நிறைய வழிய வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். இப்போது அலசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனி வரை மெல்லியதாகத் தடவுகிறேன். சிக்கு பாதியாகக் குறைந்துவிட்டது. அம்முச்சி (பாட்டி) காலத்து, இலையைத் தூளாக்கித் தேய்க்கும் அரப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அரப்பு உப்புத் தண்ணீரிலும் அழுக்கை எடுக்கும், அதனால்தான் இந்த மண்ணில் அது நிலைத்தது; ஆனால் அந்தத் தூளைப் போட்டுத் தேய்ப்பது சாயமிட்ட முடிக்கு முரடு என்பதால் நான் அதை விட்டுவிட்டேன்.

வேருக்கு மட்டும் வீட்டில் பூசிக்கொள்ளும் முறையையும் இவர்கள் சொல்லித் தருவதில்லை, மாதாமாதம் நாம் போய் நிற்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளர்கிறது, அந்த ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் பூசினால் போதும். வேரிலிருந்து நுனிவரை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பூசிப் பூசித்தான் என் நுனி கரிக்கட்டையாகியிருந்தது. பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து அரிப்பு வருகிறதா என்று பார்க்கும்படி பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே எழுதியிருக்கிறது. 4,800 ரூபாய் வாங்கியவர்கள் எனக்கு அதைக்கூடச் செய்யவில்லை.

எங்களுக்குக் குடிக்கப் பவானி ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வரும். அதில் இரண்டு சொம்பு எடுத்துவைத்துக் கடைசி அலசலுக்கு மட்டும் ஊற்றிக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சொம்பு தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றினால் படிந்த உப்பு கொஞ்சம் கழிகிறது. இவ்வளவுதான், இந்த இரண்டே மாற்றத்தில் அடுத்த முறை போட்ட சாயம் ஐந்து வாரம் நின்றது. முதல் நாள் நான் நல்ல தண்ணீரை மொண்டு குளியலறைக்குக் கொண்டுபோனதைப் பார்த்து என் அத்தை, "ஏங்கண்ணு, குடிக்கிற தண்ணியவா தலைக்கு ஊத்தற?" என்று கேட்டார். தெருக்குழாயில் இரவு இரண்டு மணிக்குக் குடம் வைத்து வரிசையில் நின்று என் கணவரை வளர்த்தவர் அவர். அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றும் அந்த இரண்டு சொம்பை எடுக்கும்போது மனம் கூசுகிறது. 4,800 ரூபாய் கொடுத்த நாளிலேயே ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்தச் சாயத்தைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்தாவது இருப்பேன்.

அந்தப் பார்லரில் முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், கைபேசி எண், பிறந்த நாள், திருமண நாள், எப்படி எங்களைத் தெரிந்துகொண்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். வாழ்த்தும் தள்ளுபடியும் அனுப்ப என் திருமண நாள் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. என் வீட்டுத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. போன வாரம் என் அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு முடி வெட்டப் போனபோது அவளிடமும் அதே படிவத்தை நீட்டினார்கள். நான் அதை வாங்கி, திருமண நாள் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் "போர்வெல் தண்ணீர், கடினத்தன்மை 780" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு முறை படித்துவிட்டு, "இது எதுக்குங்க மேடம்?" என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து அரை மணி நேரம் சொன்னேன்.