பீரங்கிக்கு எதிரே யார் நின்றார்கள்?

போன மாதம் அக்கா மகனை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, அங்கே வேலை பார்ப்பவர்கள் பாவம். வாசலில் ஒரு பீரங்கி. பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். குழலின் வாயில் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஐஸ்கிரீம் காகிதத்தைப் போடாமல் இருக்க. பக்கத்துப் பலகையில் 'பழங்காலப் பீரங்கி' என்று இரண்டே வார்த்தை. பழங்காலம் என்று சொல்லாவிட்டால் போன வாரம் வாங்கியது என்று நினைத்துவிடுவோமாம்.

பையனுக்கு ஒன்பது வயது. ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். இறங்கியதும் கேட்டான்: "மாமா, இது யாரைச் சுட்டுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. காவலரைக் கேட்டேன். "அதெல்லாம் ராஜா காலத்துது சார்" என்றார். எந்த ராஜா, யார் மேல் சுட்டார், இது எப்படி இந்த வாசலுக்கு வந்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பலகை எழுதியவருக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லையே.

என் ஆதங்கம் இதுதான். போர்ப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் பல இடங்களில் குழலின் விட்டம், எடை, எவ்வளவு தூரம் சுடும் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதெல்லாம் விற்பனையாளர் கொடுக்கும் விவரம். பீரங்கிக்கு இரண்டு முனை உண்டு: சுட்டவன் நின்ற இடம், குண்டு விழுந்த இடம். இரண்டையும் சொல்லாவிட்டால் அது எடைக்குப் போட வேண்டிய இரும்புதான்.

சொல்லத் தெரிந்த இடங்களும் இருக்கின்றன. லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் 13 பவுண்டர் வகைக் களப் பீரங்கி ஒன்று இருக்கிறது. நேரிப் பீரங்கி என்று பெயர். (பவுண்டு என்பது பீரங்கியின் எடை இல்லை, அது வீசும் குண்டின் எடை. நானும் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்.) 1914 செப்டம்பர் 1, பிரான்சில் நேரி என்ற சின்ன கிராமம். விடிகாலை மூடுபனி. பிரிட்டிஷ் குதிரைப் பீரங்கிப் படையின் 'எல்' பேட்டரி (பேட்டரி என்றால் பீரங்கிப் படையின் ஒரு பிரிவு) கிளம்பத் தயாராக நிற்கிறது. பனி விலகும்போது மேட்டிலிருந்து ஜெர்மன் பீரங்கிகள் வெடிக்கத் தொடங்குகின்றன. சேணம் பூட்டிய குதிரைகள் நின்ற இடத்திலேயே கொத்துக்கொத்தாகச் சாகின்றன. பேட்டரியில் இருந்த ஆறு பீரங்கிகளில் மூன்றைத்தான் திருப்ப முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அதிலும் ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்றை வைத்துக் குண்டு தீரும்வரை சுட்டார்கள். கேப்டன் பிராட்பரி குண்டு எடுத்து வரப் போனபோது கால் போய், அந்தக் காயத்திலேயே இறந்தார். அவருக்கும் டோரல், நெல்சன் என்ற இரண்டு பேருக்கும் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். டோரல் 1971 வரை உயிரோடு இருந்தார். நெல்சன் அதே போரில் 1918ல் இறந்துபோனார்.

இதைப் படித்தபின் அந்தப் பீரங்கியின் குழல் விட்டத்தை யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டாலும் தப்பில்லை. ஆனால் முதலில் அந்தக் காலைப் பொழுது கண்முன் வர வேண்டும்.

இந்தப் பெயின்ட் சமாச்சாரத்துக்கு வருகிறேன். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்ற ஏதாவது பூசித்தான் ஆக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிபட்ட இடத்தை ஒட்டுப்போட்டு, சுரண்டி, பூசி மெழுகிப் புதுசாக்கினால் அந்தப் பொருளுக்குத் தெரிந்த ஒரே கதையை அழித்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். பாட்டி முகத்துச் சுருக்கத்தை போட்டோவில் துடைத்து எடுக்கிறார்களே, அந்த மாதிரி.

காப்பாற்றப்படுவதும் பல நேரம் தற்செயல்தான். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் ஊருக்கு ஊர் பூங்காவில் டாங்கியும் பீரங்கியும் நிறுத்தினார்கள். அடுத்த போர் வந்ததும் இரும்பு வேண்டும் என்று பெரும்பாலானவற்றை உருக்கப் போட்டுவிட்டார்கள். கென்ட் பகுதியில் ஆஷ்ஃபர்ட் ஊர் டாங்கி மட்டும் தப்பித்தது. 1929ல் அதன் வயிற்றுக்குள் ஒரு மின் துணைநிலையத்தை வைத்திருந்தார்கள், அதனால். கேட்டதும் சிரித்துவிட்டேன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். குறும்புக்காரப் பையனையும், யாருக்கும் அடங்காத ஆளையும் 'அவன் சரியான எம்டன்' என்று சொல்வோம். என் பாட்டி வாயில் தினம் நாலு முறையாவது வரும், பெரும்பாலும் என்னைப் பார்த்து. அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரைக்கு வந்து ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்துப் பக்கம் பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. மறுநாளிலிருந்து மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளைதான் அந்தக் கப்பலில் வந்து குண்டு போட்டார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருஷா வருஷம் சுற்றும். அதற்கு ஆதாரம் இல்லை. அந்த மாதம் அவர் ஐரோப்பாவில், சூரிச்சில் இருந்தார். அவர் உண்மையில் செய்ததே நிறைய இருக்கிறது, கப்பலில் வேறு ஏற்றிவிட வேண்டியதில்லை.

அதே ஆண்டு நவம்பர் 9, கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை மடக்கியது. எம்டனில் 130 பேருக்கு மேல் செத்தார்கள். உடைந்த கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டுச் சரணடைந்தார் கேப்டன் முல்லர். அதிலிருந்த பத்துப் பீரங்கிகளில் ஒன்று இன்று சிட்னி நகரத்து ஹைட் பூங்காவின் மூலையில் நிற்கிறது. இங்கே சென்னையில், கோட்டை அருங்காட்சியகத்தில், எம்டன் வீசிய குண்டின் மிச்சம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் அந்தத் தாக்குதலின் நினைவாக ஒரு கல்வெட்டு.

பாருங்கள், சுட்ட முனை ஒரு கண்டத்தில், விழுந்த முனை இன்னொரு கண்டத்தில். ஹைட் பூங்காவில் நிற்கும் அதே குழல்தான் சென்னையைச் சுட்டதா என்று அடித்துச் சொல்ல முடியாது. பத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி ஒரே நேரத்தில் சுடக்கூடியவை ஐந்துதான். ஆனாலும் அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்: 'இந்தப் பீரங்கியின் கூட்டாளி வீசிய குண்டு சென்னையில் இருக்கிறது', 'இதைச் சுட்ட கப்பலின் பீரங்கி சிட்னியில் இருக்கிறது' என்று. இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். ஒரு பலகையும், எழுத்துப் பிழை பார்க்க ஒரு தமிழாசிரியரும் இருந்தால் முடிந்தது.

'இதையெல்லாம் எதற்குக் காட்டிக்கொண்டு, போரைக் கொண்டாடுவதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கொண்டாட்டம் எங்கே வருகிறது என்றால், வெறும் பளபளப்பைக் காட்டும்போதுதான். வெள்ளிப் பெயின்ட் அடித்த குழல் மேல் குழந்தை ஏறி உட்காரும். எண்ணெய்த் தொட்டி எரிந்த இரவையும், தலையில் மூட்டையோடு நடந்த கூட்டத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால் ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் நிற்கும். என் அக்கா மகன் நிற்பான் என்று நினைக்கிறேன். நிற்காமல் ஏறினாலும் ஏறுவான், அவனும் ஒரு எம்டன்தான்.

அடுத்த விடுமுறைக்கு அவனைக் கோட்டைக்குக் கூட்டிப் போகப் போகிறேன். அவன் கேட்டதற்கு அந்தக் குண்டு பாதிப் பதிலாவது சொல்லும். நீங்களும் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். தலைமைச் செயலகம் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.