விமானத்தையே நகர்த்துகிறார்கள், ஒரு டிப்பரை நகர்த்த முடியாதா?

கொல்கத்தா விமான நிலையத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 737 ஒன்று 2012-லிருந்து 13 வருடம் கேட்பாரற்று நின்றது. தன்னிடம் அப்படி ஒன்று இருப்பதே கம்பெனிக்கு மறந்துவிட்டது. விமான நிலையக்காரர்கள் விட்டார்களா? ஏறக்குறைய 1 கோடி ரூபாய் பார்க்கிங் கட்டணம் போட்டார்கள். 2025 நவம்பரில் அது பெங்களூருக்குக் கிளம்பியது. இங்கே தர்மபுரியில் போலீஸ் பிடித்துப் போட்ட ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லை நகர்த்த ஆளில்லை!

எங்கள் பக்கத்துக் காவல் நிலைய வாசலை வந்து பாருங்கள். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரி, மண் கடத்திப் பிடிபட்ட டிப்பர், சாராயக் கேஸில் சிக்கிய பைக்குகள். காம்பவுண்டு நிரம்பி, இப்போது ரோட்டோரமும் போய்விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லாமல் நடுரோட்டில் நடக்கிறார்கள். கடை வாசலில் நான் ஒரு ஸ்டூல் போட்டால் ஆக்கிரமிப்பாம், தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதற்கு என்ன பெயர்?

கேட்டால் "கேஸ் முடியலைங்க" என்கிறார்கள். சரி, கேஸ் நடக்கட்டும், அதற்கு வண்டி எதற்கு மட்க வேண்டும்? 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைக்காதே, போட்டோ எடு, மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் விவரக் குறிப்பு) போடு, ஜாமீன் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடு, யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், கோர்ட்டில் ஒப்படைத்த பொருளுக்கு 14 நாளில் பட்டியல், படம், அதன்பின் 30 நாளில் உத்தரவு என்கிறது. இந்த டிப்பருக்குள் வேப்பங்கன்று முளைத்து என் உயரத்துக்கு வந்துவிட்டது!

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் ஒருவரின் மினி லாரி இப்படித்தான் மாட்டியது. ஓட்டாத வண்டிக்கு மாதாமாதம் தவணை கட்டினார். கையில் கிடைத்தபோது பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை. எங்கே என்று கேட்டால் மனு எழுதித் தரச் சொன்னார்களாம். கடைசியில் காயலான் கடைக்காரர்தான் அதற்கு மரியாதையான பதில் சொன்னார்.

டெங்கு என்று சொல்லி வீட்டுக்கு வந்து கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறீர்களே, அந்த டிப்பர் தொட்டியிலும் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஏலத் தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அதுவரை ரோட்டோரத்தையாவது விடுங்கள்.