முதல் நாளே விழும் பூஜ்யங்கள்

2020 ஜூன் 19ஆம் தேதி ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வீடியோ கேம் வெளிவந்தது. நின்று நிதானமாக ஆடி முடிக்க 25 மணி நேரமாவது வேண்டும். அன்றைக்கே விமர்சன மதிப்பெண்களைத் திரட்டிக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கில் பூஜ்யம் மதிப்பெண் குவிந்தது. கதைப்போக்கு பிடிக்காமல் திட்டியவர்களும் அதில் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் ஆடி முடிக்கவே நேரமில்லாத பொழுதில் விழுந்த பூஜ்யம் எதைப் பற்றியது? நாயகி இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள் என்பதும், இன்னொரு பெண் பாத்திரத்துக்குப் புஜபலம் அதிகம் என்பதும்தான் பலரது கமெண்டில் இருந்தது. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவரே அவற்றை வெளியிட்டார்.

‘எல்லாக் கூட்டத்திலும் நாலு கெட்டவர்கள் இருப்பார்கள், கண்டுக்காதீங்க’ என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கெட்டவர்கள் இருப்பது புதுசு இல்லை. அந்த நாலு பேரின் வெறுப்பு ‘ரசிகர்களின் குரல்’ என்று மேடையேறுவதுதான் பிரச்சினை, அதற்குப் படிக்கட்டு போட்டுக் கொடுப்பது நாம் ஓட்டையும் ஸ்டாரையும் லைக்கையும் எண்ணுகிற முறை. மனசை மாற்றுவது யார் கையிலும் இல்லை. எண்ணுகிற முறையை மாற்றுவது அந்தந்த இடத்தை நடத்துபவர்கள் கையில் இருக்கிறது.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் ஹ்யூகோ விருதில் நடந்த சம்பவம். 1953 முதல் வழங்கப்படும் அறிவியல் புனைகதை விருது அது. நடுவர் குழு கிடையாது. வேர்ல்ட்கான் என்ற வருடாந்திர மாநாட்டின் உறுப்பினர்கள்தான் பரிந்துரைக்கிறார்கள், அவர்களே ஓட்டும் போடுகிறார்கள். நேரில் போக வேண்டும் என்றுகூட இல்லை. 2015இல் 40 டாலர் கட்டினால் வீட்டிலிருந்தே ஓட்டு. ரசிகர்களை முழுசாக நம்பிக் கட்டிய அமைப்பு, அதுதான் அதன் அழகு.

பரிந்துரைக் கட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பிரிவுக்கு ஐந்து பெயர் வரை எழுதலாம். அதிகம் எழுதப்பட்ட ஐந்து பெயர் இறுதிப் பட்டியலுக்குப் போகும் என்பது அப்போதைய விதி. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சிறுகதைப் பிரிவில் 1,000 பேர் பரிந்துரைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் வரும் கதைகளோ ஆயிரக்கணக்கில். 800 பேர் தங்களுக்குப் பிடித்ததைத் தனித்தனியாக எழுதினால் ஓட்டு சிதறும். எல்லோரும் கொண்டாடிய கதைக்கே 100 ஓட்டு விழுந்தால் பெரிது. மீதி 200 பேர், யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து அதே ஐந்து பெயரை வரிசை மாறாமல் எழுதுகிறார்கள். ஐந்து பெயருக்கும் தலா 200. ஐந்து இடமும் அவர்களுக்கே. ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள், மொத்தப் பந்தியும் அவர்கள் இலையில்.

2015இல் நடந்தது இதேதான். ‘சேட் பப்பீஸ்’ என்று எழுத்தாளர் லேரி கொரியா 2013இல் தொடங்கிய, பட்டியல் போட்டு ஓட்டுச் சேர்க்கும் முயற்சியை அந்த ஆண்டு இன்னொரு எழுத்தாளரான பிராட் டார்கர்சன் நடத்தினார். சாகசக் கதைகளை ஒதுக்கிவிட்டு ‘கருத்து சொல்லும்’ கதைகளுக்கே விருது கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். அந்தப் புகாரை உட்கார்ந்து விவாதிக்கலாம், தப்பில்லை. பக்கத்திலேயே ‘ரேபிட் பப்பீஸ்’ என்று இன்னொரு பட்டியல் வந்தது, வாக்ஸ் டே என்பவருடையது. கறுப்பின எழுத்தாளர் என்.கே. ஜெமிசினை இனத்தை வைத்து இழிவுபடுத்தி எழுதிய பிரச்சினையில் 2013இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். இரண்டு பட்டியலும் சேர்ந்து பல பிரிவுகளில் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டன.

உறுப்பினர்கள் கையில் அப்போது இருந்த ஒரே ஆயுதம் ‘விருது இல்லை’ என்ற கட்டம். இறுதி ஓட்டுச் சீட்டில் அதற்கும் வரிசை எண் போடலாம். ஓட்டுகள் அதுவரை இல்லாத அளவுக்கு 5,950 வந்தன, ஐந்து பிரிவுகளில் ‘விருது இல்லை’ ஜெயித்தது. நிறைய பேர் அதைக் கொண்டாடினார்கள். என்னால் கொண்டாட முடியவில்லை. அந்த ஐந்து பிரிவுகளிலும் நல்ல கதை எழுதிவிட்டு, நல்ல எடிட்டிங் செய்துவிட்டு, ஆறாவது ஏழாவது இடத்தில் நின்றவர்களுக்கு அந்த வருடம் திரும்ப வராது. பட்டியல் ஓட்டு யாரை உள்ளே இழுத்துவந்தது என்பதைவிட யாரை வெளியே தள்ளியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு சான்று அதே ஆண்டின் நாவல் பிரிவில் இருக்கிறது. பட்டியலால் உள்ளே வந்ததாகத் தெரிந்ததும் மார்கோ க்ளூஸ் தன் நாவலைத் தானே விலக்கிக்கொண்டார். காலியான இடத்தில் ஏறியது லியு சிஷினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’, கென் லியு சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. கடைசியில் விருதும் அதற்கே. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று ஹ்யூகோ வாங்கியது அதுதான் முதல்முறை. ஒரு மனிதர் நாணயமாக விலகியிருக்காவிட்டால் அந்த நாவல் சீட்டிலேயே இருந்திருக்காது.

அடுத்து வேர்ல்ட்கான் உறுப்பினர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பட்டியல் போட்டவர்களைத் தடை செய்யவில்லை, கொள்கைப் பரீட்சை வைக்கவில்லை, எண்ணுகிற முறையை மாற்றினார்கள். ‘ஈ ப்ளூரிபஸ் ஹ்யூகோ’ என்று பெயர். கணினிப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையரும் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். முறை இப்படி: ஒரு பிரிவுக்கு ஒரு ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி. ஐந்து பெயர் எழுதினால் பெயருக்கு 0.2 ஆகப் பிரியும். எல்லாப் பெயர்களின் புள்ளிகளையும் கூட்டி, மிகக் குறைவாக இருக்கும் இரண்டை எடுத்து, அந்த இரண்டில் குறைவான பேர் எழுதியது எதுவோ அதை நீக்குவார்கள். நீங்கிய பெயருக்குப் போன புள்ளி, அதே ஆட்கள் எழுதிய மற்றப் பெயர்களுக்குத் திரும்பும். ஆறு பெயர் மிஞ்சும்வரை (இறுதிப் பட்டியலில் இப்போது ஐந்துக்குப் பதில் ஆறு) இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

மேலே சொன்ன 200 பேரை இதில் போட்டுப் பாருங்கள். ஐந்து பெயருக்கும் தலா 40 புள்ளி. மற்ற 800 பேரின் சீட்டுகளில் யாரும் அதிகம் எழுதாத கதைகள் ஒவ்வொன்றாக நீங்க நீங்க, பலருக்கும் பிடித்த கதைக்குப் புள்ளி ஏறிக்கொண்டே வரும். அது 40ஐத் தாண்டியதும் கடைசி இரண்டு இடத்தில் நிற்பது பட்டியலின் சொந்தப் பெயர்களே. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். ஐந்தும் வந்த இடத்தில் இரண்டோ மூன்றோதான் தேறும். அந்த 200 பேரின் குரலை யாரும் நெரிக்கவில்லை, 200 பேருக்கு உரிய அளவு கேட்கிறது, அவ்வளவுதான்.

இந்த விதியை அமலாக்க இரண்டு வருடம் ஆனது. விருதை நடத்தும் அமைப்பின் சட்டப்படி, அடுத்தடுத்த இரண்டு மாநாடுகளில் தீர்மானம் நிறைவேற வேண்டும். 2015இல் ஸ்போகேன், 2016இல் கன்சாஸ் சிட்டி, 2017இல்தான் நடைமுறை. இடைப்பட்ட 2016இல் மறுபடி பட்டியல் புகுந்தது, மறுபடி இரண்டு பிரிவுகளில் விருது இல்லை. அந்தப் பழைய விதியின் கீழேயே 2016இல் ஜெமிசின் சிறந்த நாவலுக்கான விருதை வாங்கினார். புது விதியின் கீழ் 2017இலும் 2018இலும் வாங்கினார். தொடர்ந்து மூன்று ஆண்டு வாங்கியவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

மற்ற இடங்களில் செய்த மாற்றங்களையும் பாருங்கள். கேம் விற்கும் தளமான ஸ்டீம் 2017இல் ரிவ்யூக்களைத் தேதிவாரியாக வரைபடம் போட்டுக் காட்டத் தொடங்கியது. ஒரே வாரத்தில் எதிர்மறை ரிவ்யூக்களின் சிவப்புத் தூண் செங்குத்தாக எழும்பினால் பார்ப்பவருக்கே புரியும். 2019இல் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத அலை என்று முடிவானால் அதை மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமல் விட்டது. ரிவ்யூவை அழிக்கவில்லை, எண்ணவில்லை. நல்ல யோசனை. சினிமா விமர்சனத் தளமான ராட்டன் டொமேட்டோஸ், ‘கேப்டன் மார்வல்’ படம் வருவதற்கு முன்பே குவிந்த எதிர்ப்புக்குப் பிறகு, வெளியீட்டுக்கு முன் கமெண்ட் போடுவதை நிறுத்தியது. சில மாதத்தில் டிக்கெட் வாங்கியதைச் சரிபார்த்த ரசிகர்களின் மதிப்பெண்ணைத் தனியாக முன்னிறுத்தியது. மெட்டாகிரிட்டிக் 2020 ஜூலையில், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பொதுமக்கள் மதிப்பெண் என்று விதி போட்டது. இது பாதி மருந்து. ஆத்திரத்தில் வருபவனை நிறுத்தும். அலாரம் வைத்துக்கொண்டு திட்டம் போட்டு வருபவனை நிறுத்தாது.

ஆனால் எண்ணிக்கையைச் சரிசெய்தால் மட்டும் தீராத இடம் ஒன்று உண்டு. தனி ஆளின் இன்பாக்ஸ். 2017 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் முக்கியப் பாத்திரம் ஏற்ற கெல்லி மேரி டிரான், வியட்நாமிய அகதிக் குடும்பத்தின் மகள். தோற்றத்தையும் இனத்தையும் வைத்து மாதக்கணக்கில் வந்த வசையைத் தொடர்ந்து 2018 ஜூனில் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நீக்கினார். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி எழுதி, தன் நிஜப் பெயர் லோன் என்று சொல்லி முடித்தார். அடுத்த படத்தில் அவர் பாத்திரம் ஓரத்துக்குப் போய்விட்டது. 2022இல் இன்னொரு ஸ்டார் வார்ஸ் தொடரில் நடித்த கறுப்பின நடிகை மோசஸ் இங்ரமுக்கும் அதே அர்ச்சனை. இம்முறை ஸ்டார் வார்ஸின் அதிகாரபூர்வ பக்கமே உடனே அவர் பக்கம் நின்றது, உடன் நடித்த ஈவன் மெக்ரெகர் வீடியோவில் முகம் காட்டிக் கண்டித்தார். அதனால் வசை நின்றுவிடவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான ரசிகர்களுக்கு, இந்த வீடு யாருடையது என்பது தெளிவானது. 2018இல் அந்தத் தெளிவு கிடைக்கவில்லை.

‘இதெல்லாம் பெண்களும் மற்றவர்களும் புதுசா உள்ள வந்ததால வர்ற சண்டை’ என்று ஒரு வாதம். சரித்திரம் தெரியாத பேச்சு. ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடரின் முதல் ரசிகர் இதழ் ‘ஸ்பாக்கனேலியா’ 1967இல் வந்தது, நடத்தியது இரண்டு பெண்கள். தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் கடித இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் பிஜோ ட்ரிம்பிள் என்ற பெண். வாசலில் நின்று ஆளைத் தடுக்கும் பழக்கமும் பழசுதான்: 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் வேர்ல்ட்கானிலேயே அரசியல் பகையில் ஆறு ரசிகர்களை உள்ளே விடவில்லை. அதில் ஒருவர் பிற்பாடு பெரும் எழுத்தாளரான ஃபிரெடரிக் போல்.

இதைப் படிப்பவர்களில் காமிக்ஸ், அனிமே, கேம், சினிமா என்று ஏதாவது ஒரு தமிழ்க் குழுவை நடத்துகிற அட்மின்கள் இருப்பீர்கள். உங்களுக்குச் சில விஷயம்.

உள்ளே சேர்க்கும்போது கேட்கும் கேள்வியைப் பரீட்சையாக வைக்காதீர்கள். ‘முதல் இதழ் எந்த வருஷம், வில்லன் பெயர் என்ன’ என்பதற்கெல்லாம் கூகுளில் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும். வம்பு பண்ண வருகிறவன் அதைத் தேடி எழுதிவிடுவான். பின்வாங்குவது, போன மாதம்தான் முதல் அனிமே பார்த்த பதினைந்து வயசுப் பெண். விதியைப் படித்ததற்கு அடையாளமாக விதிக்குள்ளேயே ஒரு சொல்லை ஒளித்துவைத்து அதை எழுதச் சொல்லுங்கள், போதும். ஒரு பெண் சூப்பர்ஹீரோ டிஷர்ட்டோடு போட்டோ போட்டதும் கீழே வரிசையாக விழும் ‘அஞ்சு காமிக்ஸ் பேர் சொல்லு பாப்போம்’ கமெண்டுகளைத் தனியாக ஒரு விதியில் பெயர் சொல்லித் தடுங்கள். அதே கேள்வியை அங்கே ஓர் ஆணிடம் யாரும் கேட்பதில்லை.

‘மரியாதையாகப் பேசவும்’ என்று விதி எழுதினால் அது விதியே இல்லை. எவனும் தன்னை மரியாதை இல்லாதவன் என்று நினைப்பதில்லை. நடத்தையைச் சொல்லுங்கள்: நடிகரின் நிறம், உடம்பு, சாதி, மதம் பற்றிய கமெண்ட் நீக்கப்படும், இன்னொரு உறுப்பினரின் புரொஃபைலில் இருந்து போட்டோ எடுத்து மீம் போட்டால் உடனே வெளியேற்றம், சாதியைத் தெரிந்துகொள்ள ஊரையும் அப்பா பெயரையும் கிளறுவதும் அதே கணக்கு. படத்தைத் திட்டலாம், எவ்வளவு காரமாகவும் திட்டலாம். ஒரு கமெண்டில் இருந்து ஆளின் பெயரையும் தோற்றத்தையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் ஏதாவது வாதம் இருந்தால் விமர்சனம், ஒன்றுமே மிஞ்சாவிட்டால் வசை.

கெட்ட வார்த்தை வடிகட்டியை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். தமிழில் வேற்றுமை உருபு ஏறினாலே பல சொற்களின் கடைசி எழுத்து மாறிவிடும், நீங்கள் கொடுத்த மூலச் சொல்லோடு பொருந்தாது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ‘-ஐ’, ‘-உக்கு’, ‘-ஓட’, ‘-ங்க’ சேர்ந்த வடிவங்களையும் தனித்தனியாகப் போட வேண்டும். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது நெடிலுக்கு எழுத்தை இரட்டித்தும் இரட்டிக்காமலும், நடுவில் புள்ளி வைத்தும் நட்சத்திரம் வைத்தும் நாலைந்து விதமாக அடிப்பார்கள். வாரம் ஒருமுறை நீக்கிய கமெண்டுகளைப் பார்த்துப் புது வடிவங்களைச் சேர்த்தால்தான் அந்தப் பட்டியல் உயிரோடு இருக்கும்.

பெரிய படம் வெளியாகும் வாரத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களின் பதிவுகளை ஒப்புதலுக்குப் பிறகே வெளியிடுங்கள். கருத்துக்கணிப்பு போடுவதாக இருந்தால் படம் வந்து மூன்று நாள் கழித்துப் போடுங்கள். அட்மின் குழுவில் ஒரே நட்பு வட்டத்து ஆண்கள் மட்டும் இருந்தால் புகாரே வராது. புகார் வராததால் பிரச்சினை இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பெண்களாவது அதில் இருக்கட்டும், பெயருக்கு இல்லாமல் நீக்கும் அதிகாரத்தோடு.

புகார் வந்தால் கமெண்டை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி, நேரம், புரொஃபைல் லிங்க் தெரிகிற மாதிரி. அழித்த பிறகு ஆதாரம் போய்விடும், அடுத்த வாரம் அவனே வந்து ‘நான் என்ன சொன்னேன், காட்டு’ என்பான். திட்டியவனோடு மணிக்கணக்கில் வாதாடுவதற்கு முன், திட்டு வாங்கியவருக்கு முதல் மெசேஜ் போக வேண்டும்: கமெண்டை எடுத்துவிட்டோம், ஆளை வெளியேற்றிவிட்டோம், ஸ்கிரீன்ஷாட் எங்களிடம் இருக்கிறது, சைபர் கிரைமில் புகார் கொடுக்க நினைத்தால் அனுப்புகிறோம்.